பெட்ரோல் முள் அசையவில்லையா? மீட்டரைக் கழற்றும் முன் இதைப் படியுங்கள்

பட்டறைக்குப் புதிதாக வேலை பழக வரும் பையன்களிடம் பெட்ரோல் மீட்டர் கம்ப்ளெயிண்ட் ஒன்றைக் கொடுத்துப் பாருங்கள். நாங்கள் பழகிய காலத்தில் என்ன செய்தோமோ, அதையேதான் அவர்களும் செய்கிறார்கள். முள் அசையவில்லை என்று வண்டிக்காரர் சொல்லி முடிப்பதற்குள் டேஷ்போர்டு ஸ்க்ரூவில் கை போய்விடுகிறது. வீட்டிலேயே வேலை பார்த்துக்கொள்கிறவர்களும் இதே கதைதான்.

சேலத்திலிருந்து ஏற்காடு போய் வருகிறவர்களுக்கு இது சின்ன விஷயம் இல்லை. அடிவாரம் தாண்டினால் 20 கொண்டை ஊசி வளைவுகள். அதில் ஏதாவது ஒன்றில், பின்னால் பஸ் ஏறி வரும்போது பெட்ரோல் தீர்ந்து வண்டி நின்றால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். ஃப்யூஸ் பார்ப்பது எல்லோருக்கும் தெரியும், அதை விட்டுவிடுகிறேன். மற்றபடி அடிக்கடி நடக்கும் தவறுகளை ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

சரிவில் நிறுத்தி முள்ளைப் பார்ப்பது

டேங்குக்குள் ஒரு மிதவை இருக்கிறது. அது ஏறி இறங்கும்போது கூடவே ரெசிஸ்டன்ஸ், அதாவது கரண்டைத் தடுக்கும் அளவு, மாறுகிறது. முள் காட்டுவது அந்த மாற்றத்தைத்தான். வண்டி சாய்ந்து நின்றால் பெட்ரோலும் ஒரு பக்கமாக ஒதுங்கும், மிதவையும் அதோடு போகும். மலை ஏறும்போது ஒரு அளவும் இறங்கும்போது வேறொரு அளவும் காட்டினால் அது கோளாறே இல்லை.

இப்போது வரும் வண்டிகளில் பெட்ரோல் குலுங்கும்போதெல்லாம் முள் ஆடாமல் இருக்க, அளவைச் சராசரி பார்த்து மெதுவாகத்தான் காட்டுவார்கள். சாவி ஆனில் இருக்கும்போதே பெட்ரோல் போட்டால் சில மாடல்களில் முள் உடனே ஏறாது. மட்டமான தரையில் நிறுத்துங்கள், சாவியை அணைத்து மறுபடி போடுங்கள், கொஞ்ச நேரம் கழித்துப் பாருங்கள்.

பக்கத்து முள்ளைக் கவனிக்காதது

வெப்பம் காட்டும் முள்ளும் சேர்ந்து தகராறு செய்தால் டேங்கில் தேடாதீர்கள். இரண்டுக்கும் பொதுவாக வரும் கரண்டைப் பாருங்கள்.

எர்த்தைப் பார்க்காமல் மீட்டர் போர்டை மாற்றுவது

இந்த ஒன்றுக்குத்தான் எனக்கு இன்றும் கோபம் வருகிறது.

ஏற்காட்டிலிருந்து ஒரு காபித் தோட்டத்து வண்டி வந்தது. வேறொரு இடத்தில் மீட்டர் போர்டு மாற்றியிருந்தார்கள். அப்படியும் சரியாகவில்லை என்று டேங்குக்குள் இருக்கும் பம்ப் செட்டையும் மிதவையோடு சேர்த்து மாற்றியிருந்தார்கள். "ரெண்டுமே புதுசுங்க. இன்னும் காலின்னுதான் காட்டுதுங்க" என்றார் வண்டிக்காரர். டேங்கில் பாதிக்கு மேல் பெட்ரோல் இருந்தது.

பின் சீட்டைத் தூக்கிக் கார்பெட்டை விலக்கினோம். அடியில் ஈரம். மிதவைக்கென்று தனியாக வரும் கறுப்பு வயர் பாடியில் ஒரு ஸ்க்ரூவில் முடிகிறது. கரண்ட் பேட்டரி நெகட்டிவுக்குத் திரும்பும் இந்த வழிதான் எர்த். வயர் நுனியில் இருந்த வளையத்தைச் சுற்றிப் பச்சையாகப் பொடி பூத்திருந்தது, ஸ்க்ரூவின் தலை துருவில் பாதி கரைந்திருந்தது. மலையில் பனியிலும் மழையிலும் நிற்கும் வண்டிகளில் இது சகஜம். கழற்றி, இரண்டு பக்கமும் உப்புத்தாள் போட்டுப் பளபளப்பாகத் தேய்த்து, புது ஸ்க்ரூ போட்டு இறுக்கி, மேலே கொஞ்சம் வாஸ்லின் தடவினோம். சாவி போட்டதும் முள் எழுந்து பாதியைத் தாண்டி நின்றது. அந்த மனிதர் ஆயிரக்கணக்கில் செலவழித்த பிறகு!

காரணம் எளிது. எர்த்தில் துரு பிடித்தால் அதுவும் ஒரு ரெசிஸ்டன்ஸ்தான். மிதவையின் ரெசிஸ்டன்ஸ் எது, துருவின் ரெசிஸ்டன்ஸ் எது என்று மீட்டருக்குத் தெரியாது, இரண்டையும் கூட்டித்தான் காட்டும். ரெசிஸ்டன்ஸ் கூடினால் 'காலி' என்று காட்டும் வண்டிகளில் இருப்பதைவிடக் குறைவாகக் காட்டும். சில கம்பெனி வண்டிகள் இதற்கு நேர் எதிர், ரெசிஸ்டன்ஸ் கூடினால் 'ஃபுல்'. அந்த வகையில் எர்த் போனால் காலி டேங்கை நிறைந்ததாக நம்பி மலை ஏறிவிடுவீர்கள்.

சோதிப்பதற்கு மல்டிமீட்டர் ஒன்று போதும். மிதவை வயர்களை இணைக்கும் கப்ளர் மாட்டியபடியே இருக்கட்டும், சாவி ஆனில் இருக்கட்டும். மல்டிமீட்டரை வோல்ட்டில் வைத்து ஒரு முனையைக் கப்ளரின் பின்பக்கம் கறுப்பு வயரிலும், இன்னொன்றைப் பேட்டரி நெகட்டிவிலும் வையுங்கள். கிட்டத்தட்ட பூஜ்யம் வர வேண்டும். அரை வோல்ட், ஒரு வோல்ட் என்று வந்தால் ஆள் கிடைத்துவிட்டான். சில புது மாடல்களில் இந்த எர்த் பாடிக்குப் போகாது, நேராக மீட்டர் போர்டுக்கே போகும். அங்கே கப்ளர் பின்களைப் பாருங்கள். ஹெட்லைட் போட்டாலோ பிரேக் மிதித்தாலோ முள் நகர்ந்தால், மல்டிமீட்டரை எடுக்கும் முன்பே எர்த்தைச் சந்தேகப்படலாம்.

மீட்டர் போர்டு மாற்றுவதில் பணம் மட்டும் போகவில்லை. கிலோமீட்டர் கணக்கும் மாறிப் போகிறது. நாளைக்கு வண்டியை விற்கும்போது, திருத்தி வைத்திருக்கிறார்கள் என்றுதான் வாங்குகிறவர் நினைப்பார். சில மாடல்களில் சாவியை அடையாளம் காணும் அமைப்பும் அந்த போர்டோடு சேர்ந்தது. மாற்றினால் வண்டி ஸ்டார்ட்டே ஆகாமல் நிற்கும்.

வயரை பாடியில் தொட்டுப் பார்ப்பது

பழைய வண்டிகளில் மிதவை வயரை பாடியில் தொட வைத்து முள் ஓடுகிறதா என்று பார்ப்பார்கள். எலக்ட்ரானிக் மீட்டர் உள்ள வண்டியில் இதைச் செய்யவே வேண்டாம். பழைய வண்டியானாலும் சாவியை அணைத்துவிட்டு வயரைப் பொருத்துங்கள், பிறகு ஒரு கணம் மட்டும் சாவியைப் போடுங்கள். டேங்க் பக்கத்தில் ஒரு பொறி பறந்தால் போதும்.

சுத்தியும் உளியுமாக டேங்கைத் திறப்பது

எர்த்தும் வயரும் சரியென்றால்தான் டேங்க் பக்கம் போக வேண்டும். பேட்டரி நெகட்டிவைக் கழற்றுங்கள், டேங்கில் பெட்ரோல் குறைவாக இருக்கட்டும், கதவெல்லாம் திறந்திருக்கட்டும். மூடி வளையத்தை இரும்பு உளியால் தட்டாதீர்கள், பித்தளையோ மரமோ வைத்துத் தட்டுங்கள்.

வெளியே எடுத்த மிதவையைக் கையால் மெதுவாக ஏற்றி இறக்குங்கள். மல்டிமீட்டரில் ரெசிஸ்டன்ஸ் தொடர்ச்சியாக மாற வேண்டும். நடுவில் ஓரிடத்தில் அறுந்து போய் மறுபடி வந்தால் தகடு தேய்ந்திருக்கிறது. மிதவையைக் காதருகே குலுக்குங்கள். உள்ளே பெட்ரோல் சத்தம் கேட்டால் ஓட்டை, அது இனி மிதக்காது.

டேங்க் மூடியில் பழைய ரப்பர் வளையத்தையே மாட்டுவது

புதுசு போடுங்கள்.

மீட்டர் சரியாகும்வரை குத்துமதிப்பாக ஓட்டுவது

டேங்கை நிரப்பி ட்ரிப் மீட்டரைப் பூஜ்யத்தில் வையுங்கள். சேலம் ஊருக்குள் கிடைக்கும் மைலேஜை வைத்து மலைக்குக் கணக்குப் போடாதீர்கள், ஏற்றத்தில் அது நன்றாகவே குறையும். டேங்குக்குள் இருக்கும் பம்ப்பைக் குளிர வைப்பதும் அந்தப் பெட்ரோல்தான், அடி காயும்வரை ஓட்டினால் பம்ப்பும் சேர்ந்து போகும். கணக்குப்படி கால் டேங்குக்குக் கீழே போயிருந்தால், ஊருக்குள்ளேயே பங்க்கில் நிரப்பிவிட்டு மலை ஏறுங்கள்.