அவுட்புட் டிரான்சிஸ்டரை மாற்றியதும் சுவிட்சைப் போடுகிறவர்களுக்கு

ஆம்ப்ளிஃபயர் ரிப்பேர் பழக வேண்டும் என்று சில பையன்கள் மாலை நேரத்தில் என் மேசைக்கு வந்து உட்காருவார்கள். வீடியோ பார்த்து ஆசை வந்தவர்கள், ஐடிஐ படிப்பவர்கள், திருவிழா சவுண்ட் சர்வீசில் ஒயர் இழுப்பவர்கள் என்று எல்லா வகையும் உண்டு. ஆள் மாறினாலும் தவறு மாறுவதில்லை. நாங்கள் தொழில் பழகிய காலத்தில் எதையெல்லாம் எரித்தோமோ, அதையேதான் இவர்களும் எரிக்கிறார்கள். அன்றைக்கு 2என்3055 டிரான்சிஸ்டர், இன்றைக்கு சி5200 டிரான்சிஸ்டர். அவ்வளவுதான் வித்தியாசம்.

பிளக்கைப் பிடுங்காமல் கை வைக்காதே, பிளஸ் மைனஸ் பார்த்துப் போடு என்பதெல்லாம் எல்லாருக்கும் தெரிந்தது. அதை விட்டுவிடுகிறேன்.

செத்ததை மாற்றிவிட்டு, கொன்றதை விட்டுவிடுவது

இந்த ஒன்றைப் பார்த்தால் மட்டும் எனக்கு இன்னமும் எரிச்சல் வரும். காசு போகிறது, கூடவே கற்றுக்கொள்ளும் ஆசையும் போய்விடுகிறது.

பக்கத்துத் தெருவில் பந்தல் சவுண்ட் போடும் ஒரு தம்பி. அவனுடைய அசெம்பிள் ஆம்பில் ஒரு சேனல் போய்விட்டது. ஃப்யூஸ் போட்டால் போட்டவுடன் அறுந்துவிடுகிறது. கழற்றிப் பார்த்து, அந்தச் சேனலின் அவுட்புட் டிரான்சிஸ்டர் நான்கும் ஷார்ட் என்று கண்டுபிடித்தான். அதுவரை சரி. சி5200, ஏ1943 இரண்டு ஜோடி வாங்கி வந்து, சால்டர் வைத்து, சுவிட்சைப் போட்டான். டப். கடைக்காரர் டூப்ளிகேட் கொடுத்துவிட்டார் என்று அங்கே போய்ச் சண்டை. வேறு கடையில் விலை கூடியதாக வாங்கிப் போட்டான். அதுவும் டப். அப்புறம்தான் எரிந்ததையெல்லாம் ஒரு பாலிதீன் கவரில் அள்ளிப் போட்டுக்கொண்டு வந்தான்.

"அண்ணே, டிரான்ஸ்பார்மர்ல வோல்டேஜ் ஜாஸ்தியா வருதோ?"

டிரான்ஸ்பார்மர் நன்றாகத்தான் இருந்தது. 32-0-32, ரெக்டிஃபை ஆனபிறகு பிளஸ் 45, மைனஸ் 45 வோல்ட். கோளாறு ஹீட்சிங்கின் (டிரான்சிஸ்டர் சூட்டை இழுக்கும் உலோகத் துண்டு) நடுவில் இருந்தது. அங்கே திருகி வைத்திருக்க வேண்டிய ஒரு சின்ன பிடி139 திருகு இல்லாமல் அந்தரத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. லோடு ஆட்டோவில் குலுங்கிக் குலுங்கி அதன் நடுக்கால் சால்டரை விட்டுக் கழன்றிருக்கிறது. போர்டைத் திருப்பி லென்ஸ் வைத்துப் பார்த்தால், காலைச் சுற்றி முடி அளவுக்கு ஒரு கறுப்பு வட்டம். வெறுங்கண்ணுக்கு நல்ல சால்டர் மாதிரியேதான் தெரியும்.

டிரான்சிஸ்டரின் மூன்று கால்கள் பேஸ், கலெக்டர், எமிட்டர். அந்த பிடி139-தான் பயாஸ் டிரான்சிஸ்டர். மேல்பக்கத்து டிரைவர் (அவுட்புட்டை இயக்கும் டிரான்சிஸ்டர்) பேசுக்கும் கீழ்ப்பக்கத்து டிரைவர் பேசுக்கும் நடுவில் உட்கார்ந்து, இரண்டுக்கும் இடையே 2.2 வோல்ட் சுமாருக்கு மேல் போகாமல் பிடித்து வைப்பது அதன் வேலை; அந்த வோல்டேஜ்தான் பயாஸ். அது ஓப்பன் ஆனால் பிடிப்பதற்கு ஆளில்லை. மேல் டிரான்சிஸ்டரும் கீழ் டிரான்சிஸ்டரும் ஒரே நேரத்தில் முழுக்கத் திறந்துகொள்ளும். பிளஸ்ஸிலிருந்து மைனஸுக்கு 90 வோல்ட்டும் நேராகப் பாயும். சி5200-க்கு 150 வாட் என்று டேட்டாஷீட்டில் போட்டிருப்பது, அதன் உடம்பு 25 டிகிரியில் இருக்கும்போது தாங்கும் அளவு. 45 வோல்ட்டில் 10 ஆம்பியர் போனாலே 450 வாட். ஃப்யூஸ் உருகுவதற்குள் டிரான்சிஸ்டர் போய்ச் சேர்ந்துவிடும். ஒரிஜினல் போட்டாலும் இதே கதிதான். கடைக்காரர் பாவம்.

அதைத் திருகாமல் தொங்கவிட்டதும் சின்ன விஷயமில்லை. டிரான்சிஸ்டர் ஒவ்வொரு டிகிரி சூடேறும்போதும் அதன் பேஸ்-எமிட்டர் வோல்டேஜ் 2 மில்லிவோல்ட் சுமார் இறங்கும். பயாஸ் டிரான்சிஸ்டர் ஹீட்சிங்கோடு ஒட்டியிருந்தால் அதுவும் சேர்ந்து சூடாகி, பயாஸைத் தானே குறைத்துக்கொள்ளும். காற்றில் தொங்கினால் அதற்கு ஒன்றும் தெரியாது. அவுட்புட் சூடாகும், சூட்டினால் கரண்ட் கூடும், கரண்டினால் இன்னும் சூடாகும். அரை மணி நேரம் நன்றாகப் பாடிவிட்டுத் திடீரென்று போகும் ஆம்புகளில் இதை முதலில் பாருங்கள்.

அதனால் அவுட்புட் ஷார்ட் என்று தெரிந்தால், கடைக்குப் போகும் முன்பு பின்னால் போய்க்கொண்டே சோதிக்க வேண்டும். டிரைவர் டிரான்சிஸ்டர்கள், பயாஸ் டிரான்சிஸ்டர், பேஸ் ரெசிஸ்டர்கள், 0.22 ஓம் சிமென்ட் ரெசிஸ்டர்கள், பயாஸ் ப்ரீசெட் (பயாஸைத் திருகிச் சரிசெய்யும் சின்ன ரெசிஸ்டர்). சிமென்ட் ரெசிஸ்டர் உள்ளே அறுந்திருந்தாலும் வெளியே புத்தம்புதிதாக இருக்கும். ப்ரீசெட்டின் நடுக்கால் தடத்தைத் தொடாமல் நிற்கும். போர்டில் இருக்கும்போதே மீட்டர் வைத்தால் பக்கத்துப் பாகங்கள் வழியாகவும் அளவு காட்டும். சந்தேகம் வந்தால் ஒரு காலையாவது தூக்கிவிட்டுப் பாருங்கள்.

இவ்வளவும் பார்த்த பிறகும் நேராக 230 வோல்ட்டில் சொருகக் கூடாது. சீரிஸ் பல்பு வேண்டும். ஒரு பலகை, ஒரு ஹோல்டர், ஒரு சாக்கெட்; மெயின்ஸின் ஃபேஸ் ஒயர் பல்பு வழியாகச் சாக்கெட்டுக்குப் போக வேண்டும். செலவு ஒரு டிரான்சிஸ்டர் விலைக்கு மேல் ஆகாது. 100 வாட் குண்டு பல்புதான் போட வேண்டும், எல்இடி உதவாது. 100 வாட் பல்பின் இழை முழுக்க எரியும்போது 530 ஓம் அளவுக்கு இருக்கும். குளிர்ந்திருக்கும்போது அதில் பத்தில் ஒரு பங்குகூட இருக்காது. ஆம்ப் ஒழுங்காக இருந்தால் கரண்ட் கொஞ்சமாகத்தான் போகும், பல்பு குறுக்கே நிற்காது. ஷார்ட் இருந்தால் பல்பு தானே எரிந்து, போகிற கரண்டை அரை ஆம்பியருக்குள் நிறுத்திவிடும். இப்போது கடைகளில் குண்டு பல்பு கேட்டால் ஒரு மாதிரி பார்க்கிறார்கள். கிடைக்கும்போது இரண்டாக வாங்கி வையுங்கள்.

ஸ்பீக்கர் மாட்டாமல், இன்புட்டை கிரவுண்டோடு சேர்த்துவிட்டு, பயாஸ் ப்ரீசெட்டைக் குறைந்த பக்கம் வைத்து சுவிட்சைப் போடுங்கள். குறைந்த பக்கம் இடமா வலமா என்பது போர்டுக்குப் போர்டு மாறும். பயாஸ் டிரான்சிஸ்டரின் கலெக்டருக்கும் எமிட்டருக்கும் இடையே வோல்டேஜ் குறைவது எந்தப் பக்கமோ அதுதான். கன்டென்சர் நிரம்பும் வரை பல்பு பளிச்சென்று எரிந்து, உடனே மங்க வேண்டும். எரிந்துகொண்டே இருந்தால் ஆஃப் செய்துவிட்டுத் திரும்பத் தேடுங்கள். புது டிரான்சிஸ்டர் பெரும்பாலும் பிழைத்திருக்கும். சேனலுக்குப் பல ஜோடி இருக்கும் ஆம்பாக இருந்தால், நான் முதலில் ஒரு ஜோடியை மட்டும் போட்டுத்தான் பார்ப்பேன்.

பல்பு மங்கி, அவுட்புட்டில் டிசி 50 மில்லிவோல்ட்டுக்குள் இருந்தால் பல்பை எடுத்துவிட்டு நேர் சப்ளை. பயாஸை அதற்குப் பிறகுதான் வைக்க வேண்டும். பல்பு இருக்கும்போது வோல்டேஜ் இறங்கியிருக்கும், அப்போது வைத்த பயாஸ் பொய். போர்டுக்கான அளவு தெரியாவிட்டால் 0.22 ஓம் ரெசிஸ்டர் ஒன்றின் குறுக்கே 5 மில்லிவோல்ட்டில் தொடங்குங்கள், 23 மில்லிஆம்பியர் போகிறது என்று அர்த்தம். ஹீட்சிங்க் சூடான பிறகு இன்னொரு தடவை அளந்து பாருங்கள்.

அந்தத் தம்பியின் ஆம்புக்குத் திருகு ஒன்று, சால்டர் ஒரு பொட்டு, அதோடு மூன்றாவது செட் டிரான்சிஸ்டர். முதல் தடவையே பல்பு போட்டிருந்தால் மூன்றாவது செட்டே தேவைப்பட்டிருக்காது. சீரிஸ் போர்டு செய்துவிட்டானா என்று போன வாரம் கேட்டேன். "செய்யணும்ணே" என்கிறான்.

டூப்ளிகேட் இல்லவே இல்லையா என்றால், நிறைய இருக்கிறது. சென்னை ரிட்சி தெருவில் வாங்கினாலும் ஊர்க் கடையில் வாங்கினாலும், ஒரிஜினல் விலையில் கால்பங்குக்கு ஒரு சி5200 கிடைக்கிறது என்றால் அது என்ன என்று நீங்களே யோசித்துக்கொள்ளலாம். எரிந்த டூப்ளிகேட்டை உடைத்துப் பார்த்தால், உள்ளே சிலிக்கான் சில்லு ஒரிஜினலில் இருப்பதைவிடச் சின்னதாக இருக்கும். குறைந்த சத்தத்தில் பாடும், ஏற்றினால் போய்விடும். ஆனால் அதைக் குறை சொல்வதற்கு முன்பு போர்டைப் பார்த்துவிடுங்கள்.

ஹீட்சிங்கைப் பாடி (பெட்டியின் உலோக உடம்பு) என்று நினைப்பது

சி5200-இன் பின்பக்கத்து உலோகம் கலெக்டர். இடையில் இன்சுலேஷனுக்கு வைக்கும் மைக்கா கிழிந்திருந்தாலோ, ஓட்டையில் பிசிறு குத்தியிருந்தாலோ சப்ளை நேராக ஹீட்சிங்குக்கு வரும். பேஸ்ட் அதிகம் தடவினால் கிழிசல் சரியாகிவிடாது. திருகிய பிறகு, சப்ளை கொடுப்பதற்கு முன், கலெக்டருக்கும் ஹீட்சிங்குக்கும் இடையே மீட்டரில் பீப் வருகிறதா என்று பாருங்கள், வரக் கூடாது.

டிடிஏ2030, டிடிஏ7294 ஐசிகளில் இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். அவற்றின் முதுகு மைனஸ் சப்ளையோடு சேர்ந்தது. சிங்கிள் சப்ளை போர்டில் மைனஸே கிரவுண்ட் என்பதால் டிடிஏ2030-ஐ மைக்கா இல்லாமல் பெட்டியில் திருகினாலும் ஓடும். அதே பழக்கத்தில் 12-0-12 போர்டிலும் திருகினால் ஷார்ட்.

ஃப்யூஸுக்குப் பதில் செம்புக் கம்பி

வேண்டாம்.

கன்டென்சரை ஸ்க்ரூடிரைவரால் தட்டுவது

10,000 மைக்ரோஃபாரட், 63 வோல்ட் கன்டென்சரைத் தட்டினால் பொறி பறக்கும், பார்க்க வேடிக்கையாக இருக்கும். டிராக் உரியும், கண்ணில் தெறிக்கும். 100 ஓம், 10 வாட் ரெசிஸ்டரில் இரண்டு இன்சுலேஷன் ஒயர் கட்டி வைத்துக்கொள்ளுங்கள். சில நொடி பிடித்துவிட்டு, மீட்டர் வைத்துப் பார்த்தபிறகு கை வையுங்கள்.

ஹம்மிங் என்றதும் கன்டென்சரை மாற்றுவது

வால்யூமைக் கூட்டினால் ஹம்மிங்கும் கூடுகிறதா? அப்படியானால் கன்டென்சர் பக்கமே போகாதீர்கள். இன்புட் ஷீல்டு ஒயர் அறுந்திருக்கும், அல்லது வால்யூம் கன்ட்ரோலின் உடம்பு கிரவுண்ட் ஆகாமல் இருக்கும். உடம்பைத் தொட்டால் ஹம்மிங் குறைகிறது என்றால் ஏறக்குறைய உறுதி. வால்யூம் எங்கே இருந்தாலும் ஒரே அளவில் இரைந்தால்தான் ஃபில்டர் கன்டென்சர் மேல் சந்தேகம். அசெம்பிள் பெட்டிகளில் அதற்கும் முன்பு கிரவுண்ட் ஒயர்களைப் பாருங்கள். ஸ்பீக்கர் கிரவுண்டையும் இன்புட் கிரவுண்டையும் கண்ட இடத்தில் சேர்த்திருப்பார்கள். எல்லாம் இரண்டு ஃபில்டர் கன்டென்சரும் சேரும் இடத்துக்குத் தனித்தனியாக வர வேண்டும்.

ஆம்ப் சரியான சந்தோஷத்தில் நல்ல ஸ்பீக்கரை மாட்டுவது

முதலில் டிசி பாருங்கள். 45 வோல்ட் நேராக 8 ஓம் ஸ்பீக்கருக்குப் போனால் 250 வாட்டுக்கு வாய்ஸ் காயில் சூடாகும். அந்த வாடை வந்த பிறகு சுவிட்சைத் தேடிப் பயனில்லை. சோதனைக்கு ஒரு பழைய ஸ்பீக்கர் வைத்துக்கொள்ளுங்கள். கார் ஸ்டீரியோவாக இருந்தால் இன்னொன்று: பிரிட்ஜ் முறையில் ஓடும் சேனலில் ஸ்பீக்கரின் இரண்டு ஒயரும் அவுட்புட்தான். மைனஸ் என்று நினைத்து பாடியில் தொட்டால் ஐசியே போய்விடலாம்.

எஸ்எம்பிஎஸ் சப்ளை (பெரிய டிரான்ஸ்பார்மருக்குப் பதில் வரும் ஸ்விட்சிங் சப்ளை) வைத்த ஆம்ப்

பழகும் காலத்தில் இதைத் திறக்காதீர்கள். டிரான்ஸ்பார்மர் ஆம்பில் போர்டுக்கு மெயின்ஸ் வருவதில்லை. இதில் 230 வோல்ட் நேராகப் போர்டில் ஏறி, 325 வோல்ட் டிசியாகக் கன்டென்சரில் நிற்கும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் நிற்கும். சீரிஸ் பல்பு ஆம்பைத்தான் காப்பாற்றும், உங்களை அல்ல.