பழைய பிஸ்டலா? முதலில் எழுத்துகளைப் பாருங்கள்

புதுப்பித்த பழைய அரைத் தானியங்கிக் கைத்துப்பாக்கியின் பளபளப்பில் மயங்கி விலை பேசிவிடாதீர்கள். பொறித்த எழுத்துகளை ஒரு லென்ஸ் வைத்துப் பாருங்கள். தொழிற்சாலை மெருகு அப்படியே இருந்தால் எழுத்தின் ஓரங்கள் கூர்மையாக இருக்கும். பின்னாளில் தேய்த்து மெருகேற்றியதென்றால் ஓரம் மழுங்கி, ஆணித் துளைகளைச் சுற்றி லேசாகக் குழிந்திருக்கும். ஜெர்மன் இராணுவத்தின் லூகர் (Luger) வகைப் பிஸ்டல் என்றால் இன்னொரு வேலையும் உண்டு. தொடர் இலக்கத்தின் கடைசி இரண்டு எண்கள் சின்னச் சின்னப் பாகங்களிலும் இருக்கும். அவை பொருந்தாவிட்டால் வேறு துப்பாக்கியின் பாகம் கலந்திருக்கிறது, மதிப்பு நிறையவே குறையும். புதிதாகச் செதுக்கிய பூவேலையும் தந்தப் பிடியும் அழகுதான். ஆனால் அங்கே நீங்கள் காசு கொடுப்பது கைவேலைக்கு, பழமைக்கு அல்ல.

இதெல்லாம் அனுமதிப்பத்திரம் உள்ளவர்களுக்கு. பழசு என்பதால் சட்டம் விட்டுவிடும் என்று நம்பி இருக்காதீர்கள். பழைய துரை பங்களாவின் பரணில் ஒன்று அகப்பட்டால் கை வைக்காமல் பொலிசுக்குச் சொல்லுங்கள். அனுமதி இல்லாதவர்கள் பழைய தோலுறை, கையேடு, விலைப்பட்டியல் சேர்க்கலாம், அதுவும் அருமையான சேகரிப்பு.

அப்புறம் நம் நுவரெலியா, ஹட்டன் பக்கத்து மூடுபனி. துப்பாக்கியைத் தோலுறைக்குள் போட்டு வைக்கவே வேண்டாம். தோல் ஈரத்தை இழுத்து வைத்திருக்கும், இரும்பு துருப்பிடிக்கும். மெல்லிய எண்ணெய் தடவி, ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பையோடு தனியாகப் பூட்டி வையுங்கள். மழைக்காலத்தில் அந்தப் பையை அடிக்கடி மாற்றுங்கள்.