தொழிற்சாலையை டிஜிட்டலாக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

எந்த மென்பொருளை வாங்கலாம் என்ற கேள்வியோடு தொடங்குவதே முதல் தவறு. கோயம்புத்தூரில் பம்புக்கும் மோட்டாருக்கும் உதிரிபாகம் கடையும் ஒரு நடுத்தர ஆலையின் ஸ்டோர்ஸ் பதிவேட்டைப் புரட்டினால், ஒரே பேரிங் ‘6205 இசட் இசட்’, ‘6205 2இசட்’, ‘பேரிங் 6205 மூடியது’ என மூன்று பெயர்களில் மூன்று இருப்புக் கணக்காக இருக்கக்கூடும். இதைச் சீர்செய்யாமல், இருப்பு, கொள்முதல், உற்பத்தி எல்லாவற்றையும் ஒரே இடத்தில் கையாளும் இஆர்பி மென்பொருளில் ஏற்றினால், கையில் இருக்கும் பொருளுக்கே அது மறுபடியும் ஆர்டர் போடச் சொல்லும். பழி மென்பொருளின் மேல் விழும்.

இதைவிட ஆழமான தடை, உற்பத்தித் தளத்திலிருந்து வரும் தகவல் உண்மையாக இல்லாதது. ஓஇஇ எனப்படும் ஒட்டுமொத்த இயந்திரத் திறன், ஓடிய நேரம், வேகம், தரம் ஆகிய மூன்றின் பெருக்கல். அவை முறையே 90, 95, 99 விழுக்காடாக இருந்தால் விடை ஏறத்தாழ 84.6 விழுக்காடு. கணக்கு எளிது, ஆனால் கணினிக் கட்டளைப்படி உலோகத்தை வெட்டும் சிஎன்சி இயந்திரம் ஏன் நின்றது என்பதை ஆபரேட்டர்தான் திரையில் தொட்டுச் சொல்ல வேண்டும். ‘டூல் தேய்ந்தது’ என்று பதிந்த அன்றே சூப்பர்வைசரிடம் திட்டு வாங்கியவர், மறுநாளிலிருந்து ‘மற்றவை’ என்பதைத்தான் தொடுவார். அலுவலகத்தில் உட்கார்ந்து எழுதிய இருபது காரணங்களின் பட்டியலை, கையில் கூலண்ட் எண்ணெயோடு நிற்பவர் படித்துப் பார்ப்பார் என்று எதிர்பார்ப்பதும் வீண். ஐந்தாறு காரணங்கள் போதும். அவற்றை ஆபரேட்டர்களே சொல்லட்டும், அந்தப் பதிவை வைத்து யாரையும் தண்டிப்பதில்லை என்பதை நிர்வாகம் நடத்தையில் காட்டட்டும்.

பழைய லேத்துகளை மாற்றாமல் எதுவும் முடியாது என்று தள்ளிப்போடுவதும் தேவையற்றது. மோட்டாருக்குப் போகும் மின்கம்பிகளில் ஒன்றின் மேல் மட்டும் மின்னோட்ட சென்சார் ஒன்றைக் கவ்வ வைத்தாலே, இயந்திரம் வெட்டுகிறதா, சும்மா சுழல்கிறதா, நின்றிருக்கிறதா என்பது பெரும்பாலும் தெரிந்துவிடும்.

இயந்திரங்களை வலையமைப்பில் இணைக்கும்போது பாதுகாப்பைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விடுவது ஆபத்தானது. 2018 ஆகஸ்டில் தைவானின் டிஎஸ்எம்சி சிப் ஆலைகளில் புதிய கருவி ஒன்றை வைரஸ் சோதனை செய்யாமல் இணைத்ததால் உற்பத்தி தடைபட்டது. அவ்வளவு பெரிய நிறுவனத்துக்கே அந்த நிலை என்றால், சர்வீஸுக்கு வருபவரின் பென் டிரைவை அப்படியே செருகவிடும் ஆலையைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

கடைசியாக, முழுப் பொறுப்பையும் ஐடி துறையிடம் ஒப்படைத்துவிடும் வழக்கம். உற்பத்திக்குப் பதில் சொல்லும் மேலாளரே இதற்கும் பதில் சொல்ல வேண்டும். அவர் காலைக் கூட்டத்தைப் பழைய எக்செல் தாளை வைத்தே நடத்தினால், கீழே உள்ளவர்கள் ஒரே எண்ணை இரண்டு இடத்தில் எழுதிக்கொண்டிருப்பார்கள். ஆகவே அந்தத் தாள் எந்தத் தேதியோடு நிறுத்தப்படும் என்பதைத் திட்டம் தொடங்கும் நாளிலேயே அறிவித்துவிட வேண்டும்.