இணைத்ததும் காலியாகும் டாகுமென்ட் ஃபிராக்மென்ட்

ஜாவாஸ்கிரிப்ட்டில் அட்டவணை வரிசைகளை டாகுமென்ட் ஃபிராக்மென்ட்டில் (பக்கத்தில் சேர்க்கும் முன் எலிமென்ட்களைத் திரட்டி வைக்கும் தற்காலிகக் கூடை) கட்டி, ஒரே அப்பெண்ட்சைல்ட் அழைப்பில் பக்கத்தில் சேர்த்தேன். சேர்ந்துவிட்டன. பின்னால் அதே ஃபிராக்மென்ட்டை வைத்து அவற்றை நீக்கப் போனால் உள்ளே ஒன்றுமில்லை. பிழைச் செய்தியும் வராது, அதுதான் எரிச்சல்.

இணைக்கும்போது ஃபிராக்மென்ட் பக்கத்தின் நோட் மரத்துக்குள் (டாம்) போவதில்லை. அதன் பிள்ளை நோடுகள் மட்டும் இடம் மாறுகின்றன. அப்பெண்ட்சைல்ட் திருப்பித் தருவதும் அந்தக் காலி ஃபிராக்மென்ட்டைத்தான். அதனால், இணைப்பதற்கு முன்பே சைல்ட்நோட்ஸை (பிள்ளை நோடுகளின் பட்டியல்) அரே.ஃபிரம் மூலம் தனி அரேயாக எடுத்து வைத்தேன். நீக்க வேண்டியபோது, அந்த அரேயின் ஒவ்வொரு நோடிலும் ரிமூவ். சைல்ட்நோட்ஸை அப்படியே மாறியில் வைத்தால் பயனில்லை: அது தானாக மாறும் பட்டியல், இணைத்ததும் நீளம் 0.

ஃபிராக்மென்ட் மீதே போட்ட கிளிக் லிசனரும் (கிளிக் நடந்தால் ஓடும் ஃபங்ஷன்) இதே காரணத்தால் கூடவே போகாது. பிள்ளைகள் மீதோ, அவை சேரும் பெற்றோர் எலிமென்ட் மீதோ போட வேண்டும்.

டெம்ப்ளேட் எலிமென்ட்டின் கன்டென்ட்டை (அதுவும் ஒரு ஃபிராக்மென்ட்தான்) நகலெடுப்பவர்கள் குளோன்நோட்டுக்கு ட்ரூ (பிள்ளைகளையும் சேர்த்து நகலெடு) கொடுக்க மறக்காதீர்கள். இல்லாவிட்டால் வெற்று ஃபிராக்மென்ட்தான் கிடைக்கும். நகலின் முதல் எலிமென்ட்டை எடுக்க, ஃபர்ஸ்ட்சைல்ட் பெரும்பாலும் வெற்றிட டெக்ஸ்ட் நோடாக இருக்கும் என்பதால் ஃபர்ஸ்ட்எலிமென்ட்சைல்டே பாதுகாப்பு.