மல்லாவியிலிருந்து தெல்லிப்பழைக் கிளினிக்குக்குப் போவது எப்படி?

முல்லைத்தீவு மாவட்டத்து மல்லாவியிலிருந்து அம்மாவை யாழ்ப்பாண மாவட்டத்துத் தெல்லிப்பழைப் புற்றுநோய் வைத்தியசாலைக்குக் கூட்டிக்கொண்டு போகிறவன் நான். அங்கே வைத்தியம் இலவசம். போய்ச் சேருவதுதான் பெரும்பாடு.

முதலில் அடுத்த கிளினிக் திகதி. தாதி அதைக் கிளினிக் கொப்பியில் எழுதும்போதே, "மல்லாவியிலிருந்து வாறம் மிஸ்" என்று சொல்லுங்கள். இரத்தப் பரிசோதனையையும் டொக்டரையும் ஒரே நாளில் போட முடியுமா என்று கேளுங்கள். நாம் வாய் திறக்காவிட்டால் அவர்களுக்கு எப்படித் தெரியும்?

மாங்குளம் சந்திக்கு வந்துவிட்டால் ஏ-9 வீதியில் யாழ்ப்பாண பஸ் வரும். சிக்கல் மல்லாவியிலிருந்து மாங்குளம் வரும் உள்வீதியில்தான். விடிய வரும் பஸ் ஓடுமா என்று முதல்நாளே விசாரியுங்கள். அது தவறினால் ஓட்டோதான். அந்தக் காசு கையைக் கடிக்கும். அதே நாளில் கிளினிக் உள்ள இன்னொரு வீட்டைத் தேடிப் பிடித்தால் பங்கு போடலாம். யாழ்ப்பாணத்தில் இறங்கி, காங்கேசன்துறை வீதியால் போகும் பஸ்ஸில் ஏறுங்கள்.

மருந்து ஏற்றிய அன்று திரும்பும் பயணம் வேறு கதை. முன்சீட்டைக் கேட்டு வாங்குங்கள், வெட்கப்படாதீர்கள். வாந்திக்குப் பொலித்தீன் பை, தண்ணீர்ப் போத்தல், ஒரு துவாய்.

1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் வரும் அம்புலன்ஸ் இலவசம்தான், ஆனால் அது அவசரத்துக்கு. கிளினிக் பயணத்துக்கு வராது. வீட்டில் திடீரென மூச்சுத்திணறினால் யோசிக்காமல் அழையுங்கள். அருகிலுள்ள கோயில், பாடசாலை என்று அடையாளம் சொன்னால் ஒழுங்கைக்குள் தேடி அலைய மாட்டார்கள்.

நோயாளர் உதவிப்பணம் பற்றிக் கிராம அலுவலரிடமோ பிரதேச செயலகத்திலோ கேளுங்கள். போகும்போது கிளினிக் கொப்பியின் போட்டோக்கொப்பி கையில் இருக்கட்டும்.