டெர்மக்ஸில் 'பெர்மிஷன் டினைட்' வருகிறதா? ரூட் செய்யாமல் சரிசெய்வது எப்படி

டவுன்லோட் ஃபோல்டரில் ஒரு ஷெல் ஸ்கிரிப்ட் (வரிசையாகக் கட்டளைகள் எழுதிய கோப்பு) கிடக்கிறது, ஆண்ட்ராய்டு போனில் லினக்ஸ் கட்டளைகளை அடிக்க உதவும் ஆப்பான டெர்மக்ஸைத் திறந்து அதை ஓட்டிப் பார்த்தால் 'பெர்மிஷன் டினைட்', அதாவது அனுமதி இல்லை என்கிறது, கோப்புக்கு ஓடும் அனுமதி தரும் சிஎச்மாட் கட்டளையைப் போட்டாலும் அதே பதில்தான். புதிதாக வருகிறவர்களில் நிறைய பேர் இங்கேயே போனை ரூட் செய்ய, அதாவது அதன் முழு நிர்வாக அதிகாரத்தையும் கையில் எடுக்கக் கிளம்பிவிடுகிறார்கள். தயவுசெய்து வேண்டாம்.

சிக்கல் கோப்பில் இல்லை, அது இருக்கும் இடத்தில்தான். ஆண்ட்ராய்டு ஒவ்வொரு ஆப்பையும் தனித்தனி லினக்ஸ் பயனராக நடத்துகிறது. டெர்மக்ஸில் 'நான் யார்' என்று கேட்கும் 'ஹூஅமை' கட்டளையை அடித்தால் 'யூ0_ஏ' என்று தொடங்கி ஒரு எண்ணோடு பெயர் வரும், அதுதான் நீங்கள். அந்தப் பயனருக்குச் சொந்த வீடு ஹோம் ஃபோல்டர். போட்டோ, டவுன்லோட் எல்லாம் இருக்கும் எஸ்டிகார்ட் பகுதியோ எல்லா ஆப்புக்கும் பொதுத் திண்ணை மாதிரி. கோப்பைப் படிக்கலாம், எழுதலாம், ஆனால் நேரடியாக ஓட்ட முடியாது, சிஎச்மாட் அங்கே எடுபடாது.

சரி, வேலைக்கு வருவோம். கட்டளைகளை ஒலிப்படி தமிழில் எழுதியிருக்கிறேன், நீங்கள் ஆங்கிலச் சிற்றெழுத்தில் அடியுங்கள்.

முதலில் 'டெர்மக்ஸ்-செட்டப்-ஸ்டோரேஜ்' என்று அடித்து, போன் கேட்கும் அனுமதியைக் கொடுங்கள். ஹோமுக்குள் 'ஸ்டோரேஜ்' என்ற ஃபோல்டர் உருவாகும், அதற்குள் 'டவுன்லோட்ஸ்', 'ஷேர்ட்' போன்ற குறுக்குவழிகள் இருக்கும். அனுமதி கொடுத்த பிறகும் உள்ளே போக முடியவில்லை என்றால், செட்டிங்ஸில் டெர்மக்ஸின் ஸ்டோரேஜ் அனுமதியை ஒருமுறை எடுத்துவிட்டுத் திரும்பக் கொடுங்கள், ஆண்ட்ராய்டு 11-இல் இந்தத் தொல்லை பலருக்கு வந்திருக்கிறது.

அடுத்து, கோப்பை வீட்டுக்குக் கொண்டுவர வேண்டும். நகலெடுக்கும் கட்டளையான 'சிபி' அடித்து, இடம் விட்டு, 'ஸ்டோரேஜ்/டவுன்லோட்ஸ்/' என்பதோடு கோப்பின் பெயரைச் சேர்த்து எழுதி, மறுபடி இடம் விட்டு ஒரு புள்ளி வையுங்கள். அந்தப் புள்ளிக்கு 'இப்போது நிற்கும் இடம்' என்று பொருள், புதியவர்கள் அதை விட்டுவிட்டுத்தான் திணறுகிறார்கள். அப்புறம் 'சிஎச்மாட்', கூட்டல் குறியோடு ஒட்டி 'எக்ஸ்', பிறகு கோப்பின் பெயர். கடைசியாகப் புள்ளி, சாய்கோடு, கோப்பின் பெயர் மூன்றையும் ஒட்டி அடித்தால் ஓடும்.

ஒரே ஒரு தடவை ஓட்டினால் போதும் என்றால் நகல்கூட வேண்டாம். 'பாஷ்' என்று அடித்து கோப்பின் பாதையைக் கொடுங்கள், பைத்தான் கோப்பு என்றால் 'பைத்தான்' என்று தொடங்குங்கள். ஓடுவது டெர்மக்ஸுக்குள்ளேயே இருக்கும், ஸ்கிரிப்டைப் படித்துச் செயல்படுத்தும் பாஷ் நிரல்தான், உங்கள் ஸ்கிரிப்ட் வெறுமனே படிக்கப்படுகிறது, அதனால் தடை இல்லை. ஆனால் என்பிஎம் இன்ஸ்டால் (ஜாவாஸ்கிரிப்ட் ப்ராஜெக்டுக்கான தொகுப்புகளை நிறுவும் கட்டளை) மாதிரியான வேலைகளைத் திண்ணையில், அதாவது எஸ்டிகார்ட் பகுதியில் வைத்துச் செய்யாதீர்கள், அங்கே சிம்லிங்க் (வேறொரு கோப்பைச் சுட்டும் குறுக்குவழி) உருவாக்க முடியாது, பாதியில் நிற்கும். ப்ராஜெக்ட் முழுவதும் ஹோமில் இருக்கட்டும், முடிந்ததை மட்டும் டவுன்லோட்ஸுக்கு நகலெடுங்கள்.

மற்ற ஆப்களின் தரவு இருக்கும் 'ஆண்ட்ராய்டு/டேட்டா' ஃபோல்டரை ஆண்ட்ராய்டு 11 முதல் பூட்டியிருக்கிறார்கள், ஸ்டோரேஜ் அனுமதி இருந்தாலும் திறக்காது. அது உங்கள் தரவுக்கும் காவல்தான். அந்தந்த ஆப்பில் எக்ஸ்போர்ட் வசதி இருந்தால் அதன் வழியாக எடுங்கள்.

இன்னொன்று, இதை மறக்கவே கூடாது: டெர்மக்ஸை அன்இன்ஸ்டால் செய்தால் ஹோம் ஃபோல்டரும் அதோடு அழிந்துவிடும். நீக்குவதற்கு முன் முக்கியமானதை டவுன்லோட்ஸுக்கு நகலெடுத்து, ஃபைல் மேனேஜரில் திறந்து பார்த்துவிடுங்கள்.