கிறிஸ்துமஸ் சீசனுக்கு கீபோர்டு தூக்கும் தம்பிகளுக்கு

போன டிசம்பரில் குமரி மாவட்டத்தில் கருங்கல் என்கிற ஊர்ப் பக்கம் ஒரு வாலிபர் கூட்டத்தின் கிறிஸ்துமஸ் விழாவுக்கு வாசிக்கப் போயிருந்தேன். எங்களுக்கு முன்னால் ஏறவிருந்த குழுவில் கல்லூரி படிக்கிற வயசில் ஒரு பையன், புதுக் கீபோர்டு, ஸ்டாண்டில் ஒட்டிய பிளாஸ்டிக்கைக்கூட இன்னும் உரிக்கவில்லை. மேடைக்குப் பின்னால் குடிலுக்கும் நட்சத்திரத்துக்கும் சீரியல் செட் போட்டிருந்த பலகையில் ஒரு பிளக் காலியாக இருந்தது. நேராகப் போய் அதில் சொருகினான். எனக்கு அடிவயிறு கலங்கிவிட்டது. ஏனென்றால் இதே காரியத்தை இதே மாதிரி ஒரு பலகையில் நானும் செய்திருக்கிறேன்.

நேரத்துக்குப் போ, வயர் மறக்காதே, பாட்டுப் பட்டியல் எழுதி வை என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும். தெரியாமல் மாட்டிக்கொள்கிற சிலதை மட்டும் சொல்கிறேன்.

சீரியல் செட் பலகையில் சொருகுவது

2011 டிசம்பர். குளச்சலுக்குப் பக்கத்தில் ஒரு கடற்கரை ஊர். இருபத்தி நாலாம் தேதிக்கு இன்னும் ஆறு நாள் இருந்தது. கோயில் முற்றத்தில் மேடை, ஊர் முழுக்கத் தென்னைக்குத் தென்னை விளக்கு. மைக் செட்டுக்கென்று தனியாக லைன் இழுத்திருந்தார்கள், ஆனால் அது மேடையின் அந்தக் கோடியில் இருந்தது, என் வயர் எட்டவில்லை. பக்கத்தில் இருந்த சீரியல் செட் பலகையைக் காட்டி, "இதுல போடலாமா அண்ணே?" என்று கேட்டேன். "ஒரு கொழப்பமும் இல்லடே, போடு" என்றார் வயரிங் பார்த்தவர். போட்டேன்.

மூன்றாவது பாட்டின் நடுவில் தென்னை மர விளக்கெல்லாம் மங்கி, மேடையில் தொங்கிய குண்டு பல்பு மட்டும் வெள்ளை வெளேரென்று எரிந்தது. ஏதோ லைட் எபெக்ட் என்று நினைத்து ஜனம் கை தட்டியது. நானும் சிரித்துக்கொண்டே வாசித்தேன், அதை நினைத்தால் இன்றைக்கும் என்மேலேயே எரிச்சல் வருகிறது. அடுத்த நிமிடம் பிளாஸ்டிக் கருகுகிற வாசம், அப்புறம் கீபோர்டில் சத்தமே இல்லை.

என்ன நடந்தது என்று பிறகுதான் ஒரு எலெக்ட்ரீஷியன் படம் போட்டுக் காட்டினார். மூன்று பேஸ் கரண்ட் லைனில் ஒவ்வொரு பேசுக்கும், மூன்றுக்கும் பொதுவான திரும்பு வயரான நியூட்ரலுக்கும் இடையே சுமார் 230 வோல்ட், ஒரு பேசுக்கும் இன்னொரு பேசுக்கும் இடையே 400 சொச்சம். விழா வயரிங்கில் ஒரு பேசில் ஊர் விளக்கு மொத்தமும், இன்னொன்றில் மேடை என்று பிரித்திருப்பார்கள். நியூட்ரல் எங்காவது லூசானால் அந்த 400 சொச்சத்தை இரண்டு பக்கமும் பங்கு போட்டுக்கொள்ளும், அதுவும் நியாயமான பங்கு கிடையாது. லோடு நிறைய இருக்கிற பக்கம் வோல்டேஜ் இறங்கும், லோடு குறைவாக இருக்கிற பக்கம் ஏறும். அதனால்தான் தென்னை மரம் மங்கியது, மேடை பல்பு பிரகாசித்தது. மங்குகிற விளக்கும் பிரகாசிக்கிற விளக்கும் ஒரே நேரத்தில் கண்ணில் பட்டால் பாட்டை அப்படியே விட்டுவிட்டு பிளக்கைப் பிடுங்குங்கள். மரியாதைக் குறைவெல்லாம் இல்லை.

அன்றைக்கு எனக்குப் பேசிய சம்பளம் 1,500 ரூபாய். பவர் போர்டும் இன்னும் ஏதேதோவும் மாற்ற திருவனந்தபுரத்தில் 9,000 ஆனது. சீசனில் மீதி இருந்த நாலு நிகழ்ச்சிக்கும் வாடகைக் கீபோர்டு, சம்பளத்தில் பாதி அதற்கே போனது. வயரிங்காரர் "உன் கீபோர்டு பழசுடே" என்றார். கமிட்டிக்காரர் ஒருவர் தோளில் கை போட்டு, "ஆண்டவர் இதைவிட நல்லதா ஒண்ணு தருவார் தம்பி" என்றார். பதின்மூன்று தவணை கட்டித்தான் தந்தார்.

இப்போது பையில் கீபோர்டோடு ஒரு சின்ன மல்டிமீட்டர் எப்போதும் இருக்கும், சில நூறு ரூபாய்தான். பிளக்கைச் சொருகும் முன் பேசுக்கும் நியூட்ரலுக்கும் வைத்துப் பார்க்கிறேன். 220, 230, 240 என்றால் சரி. 250ஐத் தாண்டினால் வேறு லைன் கேட்பேன். முக்கியமான விஷயம், விளக்கெல்லாம் எரியும்போதும் ஒரு தடவை பார்க்க வேண்டும், லோடு இல்லாத நேரத்தில் லூஸ் நியூட்ரலும் சமர்த்தாகத்தான் இருக்கும். ஸ்பைக் பஸ்டர் இருக்கிறதே என்று தைரியமாக இருக்காதீர்கள். அது ஒரு நொடி துள்ளுகிற துள்ளலுக்கு, நிமிடக்கணக்கில் 300 வோல்ட் வந்தால் அதுவும் சேர்ந்து கருகும். வோல்டேஜ் கூடினால் தானே கட்டாகிற கருவி வேறு, அதை வாங்குங்கள். கரண்ட் போய் ஜெனரேட்டர் ஓடத் தொடங்கினால் உடனே ஆன் செய்யாமல் இரண்டு நிமிடம் பொறுங்கள். கமிட்டி அவசரப்படுத்தும். யாராவது ஒருவரை ஜெபம் செய்யச் சொல்லுங்கள், இரண்டு நிமிடம் என்ன, பத்து நிமிடம் கிடைக்கும்.

கருங்கல் பையன் பலகையில் மீட்டரை வைத்தபோது 262 காட்டியது. அவன் முகத்தைப் பார்க்க வேண்டுமே.

எர்த் பின்னை உடைப்பது

ஸ்பீக்கரில் "ம்ம்ம்" என்று இரைச்சல் வருகிறது என்று மூன்று பின்னில் மேல் பின்னை உடைத்துவிடுகிற வழக்கம் இன்னும் போகவில்லை. இரைச்சல் போகும்தான். ஆனால் உள்ளே எங்காவது லீக் ஆனால் அந்தக் கரண்ட் போக வழி கிடையாது, ஈர மணலில் செருப்பில்லாமல் நிற்கிற கிட்டார்காரன் மைக்கில் உதடு வைக்கும்போது அவன் வழியாகப் போகும். இங்கே டிசம்பரில் மழை முழுசாக விட்டிருக்காது, மேடையும் தரையும் நனைந்துதான் கிடக்கும். டி.ஐ. பாக்ஸ் என்று கீபோர்டுக்கும் மிக்சருக்கும் நடுவில் போடுகிற சின்னப் பெட்டி ஒன்று வாங்கி அதில், சத்தம் போகிற வயரின் எர்த்தை மட்டும் விடுவிக்கிற கிரவுண்ட் லிப்ட் பட்டனைத் தட்டுங்கள், இரைச்சலும் போகும் ஆளும் பிழைப்பான்.

டிரான்ஸ்போஸ் பட்டன்

சுருதியை ஏற்றி இறக்குகிற பட்டன் இது, பாட்டு முடிந்ததும் பூஜ்யத்துக்குக் கொண்டுவா. ஐந்தரைக் கட்டையில் பாடுகிற அக்காவை ஆறரையில் ஏற்றிவிட்டு நான் வாங்கிய பேச்சு போதும்.

கடற்காற்று

முட்டம், குளச்சல், இனையம் பக்கம் வாசித்துவிட்டு வந்தால் கீபோர்டை அப்படியே உறைக்குள் போட்டு மூடாதீர்கள். துடைத்து, கொஞ்ச நேரம் வீட்டுக்குள் வைத்து ஈரம் போனபிறகு மூடுங்கள். உப்புக் காற்று ஜாக்கைத்தான் முதலில் தின்னும், அப்புறம் கட்டைக்கு அடியில் இருக்கிற ரப்பர் கான்டாக்டுக்குப் போகும், ஒரு நாள் குறிப்பிட்ட ஒரே ஒரு 'ப' மட்டும் அழுத்தினால் வராது, அல்லது வெடித்துக்கொண்டு வரும்.

மலையாளப் பாட்டு இல்லாமல் மேற்கே போவது

மார்த்தாண்டம் தாண்டினால் கேட்பார்கள். கேரள எல்லையில் இருக்கிற களியக்காவிளை என்றால் கேட்காமல் விடமாட்டார்கள். நாலைந்தாவது கைவசம் இருக்கட்டும்.

பத்து மணி

ஒலிபெருக்கிக்கு இரவு 10 முதல் காலை 6 வரை தடை உண்டு. வருஷத்தில் சில நாட்களுக்கு மட்டும் அரசு நள்ளிரவு வரை தளர்த்தலாம். அனுமதித் தாளில் என்ன நேரம் எழுதியிருக்கிறது என்று கமிட்டியிடம் கேட்பது உங்கள் வேலை, ஏனென்றால் போலீஸ் வந்தால் கமிட்டி இருக்காது, மேடையில் நீங்கள்தான் இருப்பீர்கள். நல்ல பாட்டைக் கடைசிக்கென்று வைத்துக்கொண்டு, வரவேற்புரையும் பரிசளிப்பும் ஒன்பதே முக்கால் வரை இழுத்து, அதை வாசிக்காமலே பெட்டி கட்டிய ராத்திரிகள் எனக்கு நிறைய உண்டு.

முப்பத்தியொன்று ராத்திரி

கன்னியாகுமரியில் ஹோட்டல் பார்ட்டி என்றால் மத்தியானமே போய்விடுங்கள். அது சபரிமலை சீசன், ஐயப்ப பக்தர்களின் பஸ்ஸும் வேனும் தெரு முழுக்க நிற்கும். ஒரு வருஷம் அரை கிலோமீட்டர் தூரம் ஸ்பீக்கரைத் தலையில் தூக்கிக்கொண்டு நடந்தோம், "சாமி, வழி விடுங்க சாமி" என்று சொல்லிக்கொண்டே.

முன்பணம்

24, 25, 31 மூன்று தேதிக்கும் பாதிப் பணம் கைக்கு வந்த பிறகு டைரியில் எழுதுங்கள். மாமா வீட்டு விழா என்றால் எழுதவே வேண்டாம், அதில் மீதிப் பாதியும் வராது.